மடிக்கு எடை இல்லை

கொல்லிமலைச் சுமைகாரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைத்ததில்லை. ஆனாலும் அதை மீறின ஆளை நான் பார்த்ததில்லை. தலையிலும் தோளிலும் இருப்பது சுமை. மடியில் இருப்பது சுமையல்ல. சுமைக்கு எடை உண்டு, கூலி உண்டு, போய்ச் சேர வேண்டிய இடம் உண்டு. மடியில் வெற்றிலை இருக்கிறதா, பிள்ளைக்கு வாங்கின பொரிகடலை இருக்கிறதா என்று எந்த வியாபாரியும் கேட்க மாட்டான். அது சுமக்கிறவனின் உடம்போடு சேர்ந்தது. அதைத் தின்னலாம், கொடுக்கலாம், வந்த வழியே திரும்பக் கொண்டுபோகலாம்.

சுமையை அப்படித் திருப்ப முடியாது. தூக்கினால் தூக்கினதுதான். மழை கொட்டினாலும் கால் பிசகினாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மறுபேச்சு. நோயாளியைத் தூளி கட்டி மலையிலிருந்து இறக்கும்போதும் இதே கதைதான். தூளியில் உயிர் இருக்கிற வரைக்கும் முன்னால்தான் நடை. உயிர் போய்விட்டால் மட்டும் திருப்பலாம். பாதிவழியில் திருப்பினால் அந்தச் சுமை தூக்கினவன் வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள்.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. சின்னான் ஆகாயவிமானத்தில் வந்து இறங்கிய நாளோடு அது போய்விட்டது.

நான் காரவள்ளிக்காரன். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் டீக்கடை வைத்திருந்தேன். மலைக்கு ரோடு வந்தும் வராமலும் இருந்த காலம் அது. எப்போதாவது ஒரு லாரி முக்கி முனகி ஏறினால் அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். மற்றபடி மிளகு இறங்குவதும் உப்பும் மண்ணெண்ணெயும் ஏறுவதும் ஆட்களின் தலையில்தான். அந்த ஆட்களில் சின்னான் முதல் ஆள். நெடுநெடுவென்று உயரம், கழுத்து மட்டும் குட்டை. சுமந்து சுமந்து அமுங்கிவிட்டது என்று நாங்கள் கேலி செய்வோம். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதத்துக்குப் பிறகு அவர் சுமை தூக்கவே இல்லை. ஏன் என்று மலைமேல் செம்மேட்டில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நடந்ததை அவர் என்னிடம் துண்டு துண்டாகச் சொன்னார். அவருடைய மருமகன் அர்த்தனாரியும் பின்னால் ஒருமுறை வந்தபோது தன் பங்குக்குச் சொன்னான்.

அர்த்தனாரி எங்கள் ஊர்ப் பையன். கட்டட வேலைக்கு மலையேறினவன், சின்னானின் மகள் பொன்னாயியைக் கேட்டுக் கட்டிக்கொண்டான். மலைப் பெண்ணைக் கீழ்நாட்டானுக்குக் கொடுப்பதா என்று அங்கே முணுமுணுத்தார்கள். சின்னான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அர்த்தனாரியின் அப்பன் சிலோனில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். கல்யாணமான வருஷமே இவர்களும் அங்கே போய்விட்டார்கள். பொன்னாயிக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கியிருக்கிறது, அப்பனைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று ஆள்மூலம் சேதி வந்ததும் சின்னான் கிளம்பிவிட்டார். அவருக்குச் சுமை கொடுக்கிற மிளகு வியாபாரி காகிதங்களுக்கெல்லாம் ஓடியாடி ஏற்பாடு செய்தார். தினைமாவும் தேனும் மிளகுமாக ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார். அவர் மனைவி செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் பேறுகாலத்துக்குத் தாய் ஸ்தானத்தில் தகப்பன் போனார்.

கார்த்திகையில் ஆண்பிள்ளை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்காமல் பொன்னாயி மூன்றாம் நாள் போய்விட்டாள். தேயிலைச் செடிகளுக்கு ஓரமாக, சரிவில், அவளைப் புதைத்தார்கள். சின்னான் பேரப்பிள்ளைக்குத் தன் தகப்பன் பெயரை வைத்தார்: காளியண்ணன்.

பிள்ளைக்குப் பால் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசைவீட்டில், பால் கொடுக்கிற பெண்கள் இரண்டு பேர் முறைவைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கே அரை வயிறு, மார் வற்றிவிட்டது. டப்பாப் பால் கரைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு வயிறு போயிற்று. ஒருநாள் தேறும், மறுநாள் வாடும். சின்னானுக்கு ஒரே நினைப்புத்தான். மலையில் அவர் மகன் முத்தனின் மனைவி மாதம்மாளுக்கும் அதே கார்த்திகையில் குழந்தை பிறந்திருந்தது. அவளுக்கு ஊறுகிற பாலுக்கு ஒரு பிள்ளை போதாது, கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று சேதி வந்திருந்தது. மாதம்மாள் மாரில் கொண்டுபோய்ப் போட்டால் பிள்ளை பிழைக்கும். அர்த்தனாரிக்கும் அது சரியாகப் பட்டது. அவன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வர முடியாது. கிழவரிடம் பிள்ளையை அனுப்புவது என்று முடிவாயிற்று.

அதற்குள் மார்கழிப் புயல் அடித்தது. தனுஷ்கோடியும் போயிற்று, கப்பல் துறையும் போயிற்று. கப்பல் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதேஸ்வரன்தான், கொழும்பிலிருந்து திருச்சிக்கு ப்ளேன் போகிறது, அதில் போனால் ஒரே பகலில் மலையடிவாரம் சேரலாம் என்று சொன்னார். லயத்து ஜனங்கள் கைகொடுத்து டிக்கெட் எடுத்தார்கள். அந்த நன்றியை சின்னான் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரன் லயத்துக்கு வந்து, ப்ளேனில் என்ன கொண்டுபோகலாம், எப்படிக் கொண்டுபோகலாம் என்று விளக்கினார். மூட்டை முடிச்செல்லாம் தராசில் ஏறும், நாற்பத்து நாலு ராத்தலுக்கு மேல் போனால் காசு. ஆனால் கையோடு வைத்துக்கொள்கிற சில சாமான்களுக்கு எடை கிடையாது. கம்பளி, குடை, கைத்தடி, வழியில் படிக்கப் புத்தகம், குழந்தைக்கு வழியில் வேண்டிய பால், குழந்தைக் கூடை என்று அவர் விரல் மடக்கிச் சொன்னார். படிக்கிற புத்தகத்துக்கு எடை இல்லை என்பது சின்னானுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு குழந்தையைப் பற்றிக் கேட்டார்.

"மடியில வெச்சுக்கணும்," என்றார் மாதேஸ்வரன். "மடிக்குழந்தைக்குத் தனி சீட்டும் இல்ல, தனியா எடையும் இல்ல."

"அட, இது எங்க சட்டந்தானுங்க," என்றார் சின்னான்.

பொன்னாயி செத்தபின் அவர் முகம் மலர்ந்தது அப்போதுதானாம். ப்ளேன் விடுகிறவர்களும் ஒரு காலத்தில் சுமைகாரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நம்பிவிட்டார். உடனே காரியத்தில் இறங்கினார். பொன்னாயியின் பித்தளைச் சொம்பு, பால்டப்பா, மீந்த மிளகு, அவள் வளையல்கள் எல்லாவற்றையும் வேட்டி மடியில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். வயிறு முன்னால் ஒரு முழம் தள்ளியது. லயத்துப் பெண்கள் துக்கத்தை மறந்து சிரித்தார்கள். மாதேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டு, மடியில் கட்டினாலும் சொம்பு சொம்புதான், அவர்கள் சொன்ன சாமானுக்குத்தான் எடை இல்லை, எதை வேண்டுமானாலும் மடியில் ஒளித்துக்கொண்டு போக முடியாது என்று ஒவ்வொன்றாக எடுக்கவைத்தார். சின்ன ப்ளேன், ஆளையே தராசில் ஏற்றி நிறுப்பார்கள் என்றும் சொன்னார். சின்னானுக்கு இது அவ்வளவு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் அவிழ்த்து வைத்தார்.

கடைசியாக ஒன்று கேட்டார். பொன்னாயியை எடுத்துக்கொண்டு போக முடியுமா? மண்ணில் போட்டு இன்னும் அதிக நாள் ஆகவில்லை. மலையில் அவள் தாய்க்குப் பக்கத்தில் வைத்துவிடலாமே என்று கேட்டார். 

"உயிர் இருந்தாத்தான் ஆளு," என்றார் மாதேஸ்வரன். "உயிர் போச்சுன்னா அது சரக்குங்க. ஈயப்பெட்டி வேணும், டாக்டர் காகிதம் வேணும், ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போடணும். அப்பறமும் சாமான் அறையிலதான் போடுவாங்க. நம்மளால ஆகற காரியமில்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். சின்னான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை ப்ளேன். புதன்கிழமை காலையில் அர்த்தனாரியும் அவரும் பிள்ளையோடு அட்டனில் ரயில் ஏறினார்கள். பொன்னாயியின் சேலையில் பிள்ளையைச் சுற்றியிருந்தது. ரயில் மலையிறங்க இறங்கப் பிள்ளைக்கு மறுபடியும் வயிறு போக ஆரம்பித்தது. நாவலப்பிட்டி ஸ்டேஷன் வருவதற்குள் கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அழுகைச் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அழுதது. ரயில் அங்கே கொஞ்சநேரம் நிற்கும். அர்த்தனாரி துணிமூட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். அட்டன் ஆஸ்பத்திரியில் இதற்கு முன்னால் இரண்டு தடவை பிள்ளையைத் தேற்றி அனுப்பியிருந்தார்கள். எதிர்ரயில் வருகிறது, திரும்பிவிடலாம், ப்ளேன் அடுத்த வாரமும் போகும் என்று பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு கெஞ்சினான்.

சின்னான் ஜன்னலோரத்தை விட்டு அசையவில்லை.

"தூக்குனதத் திருப்பப்படாதுங்க மாப்பிள்ளை," என்றார். "உசுரு இருக்கற வரைக்கும் முன்னாலதான் போவணும். மாதம்மா பால் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா."

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். ஒரு மிளகு மூட்டைக்குப் போட்ட சட்டத்தைப் பச்சைப்பிள்ளைக்குப் போடலாமா? பெற்ற தகப்பன் சொல்கிறான், எதிர்ரயில் வருகிறது, தெரிந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. இறங்கி நடக்க வேண்டியது நாலு எட்டு. ஆனால் முப்பது வருஷம் திருப்பாமல் சுமந்த கழுத்து அது, திரும்பவில்லை. அர்த்தனாரியையும் சேர்த்துத்தான் திட்டுவேன். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டியவன், மாமனார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, விசில் ஊதினதும் ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

கொழும்பில் தெரிந்தவர் கடை மாடியில் தங்கினார்கள். ராத்திரி சீரகத் தண்ணீர் கொடுத்ததில் பிள்ளை கொஞ்சம் தெளிந்தது. காலையில் கண் திறந்து பார்த்தது. விரலைக் கொடுத்தால் பிடித்தது. அர்த்தனாரிக்கு மனசு லேசாகிவிட்டது. நீங்கள் சொன்னதுதான் சரி மாமா என்று வாய்விட்டே சொன்னானாம். கொழும்பை அடுத்த ரத்மலானை விமான நிலைய வாசலில் பிள்ளையின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகவேண்டுமென்று அப்படியே ரயிலுக்குப் போய்விட்டான்.

உள்ளே வரிசையில் நிற்கும்போது பிள்ளை இறந்தது.

அழவில்லை, துடிக்கவில்லை. சின்னானுக்குக் கையில் தெரிந்தது. தூளியில் எத்தனையோ பேரை இறக்கினவர். உயிருள்ள உடம்பு தூக்குகிறவனோடு கொஞ்சம் ஒத்துழைக்கும். உயிர் போனதும் முழுப்பாரமும் தூக்குகிறவன் மேல் விழும். அந்த வித்தியாசம் ஒரு முழக் குழந்தையிலும் இருந்தது என்றார். சேலையை விலக்கி மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு சேலையை மூடினார்.

முன்னால் இன்னும் சிலர்தான் இருந்தார்கள். அவருக்கு மாதேஸ்வரன் சொன்னது அப்படியே நினைவு வந்தது. உயிர் இருந்தால் ஆள், உயிர் போனால் சரக்கு. இப்போது வாய் திறந்தால் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஈயப்பெட்டிக்கு எங்கே போவது, கையெழுத்துக்கு எங்கே போவது? அர்த்தனாரி ரயிலில் போய்க்கொண்டிருப்பான். கடைசியில் பேர் தெரியாத மண்ணில் ஒரு குழி. மகளைத் தேயிலைக்குள் விட்டுவிட்டு வந்தாயிற்று, இதையும் விட்டுவிட்டு எந்த முகத்தோடு மலையேறுவது என்று நினைத்திருக்கிறார். நினைத்து முடிப்பதற்குள் முறை வந்துவிட்டது.

மூட்டையைத் தராசில் வைத்தார்கள். பிறகு அவரையும் பிள்ளையோடு ஏறி நிற்கச் சொன்னார்கள். ஏறி நின்றார். அதிகாரி முள்ளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, குழந்தை தூங்குகிறதா என்று தமிழில் அன்பாகவே கேட்டார். சின்னான் தலையாட்டினார். தராசுக்கு உயிரும் தெரியாது, பிணமும் தெரியாது. முன்பின் ஒரு பொய் சொல்லியறியாத மனுஷன், அன்றைக்குத் தலையை ஆட்டி ஆட்டியே கடலைத் தாண்டினார்.

ப்ளேனுக்குள் ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். பால்பாட்டிலைச் சேலைக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே கடல் தெரிந்ததா, மேகம் தெரிந்ததா என்று எங்கள் கடையில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் பார்க்கவே இல்லை. ப்ளேனில் உபசாரம் செய்கிற பெண், பாலைச் சூடு பண்ணித் தரட்டுமா என்று வந்து குனிந்தாள். சேலைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிடுவதற்காகத் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது. சின்னான் அவள் முகத்தைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். ஒரு கம்பளியைக் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு, இறங்குகிற வரைக்கும் அந்தப் பக்கம் வேறு யாரையும் வரவிடாமல் பார்த்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று சின்னானுக்குக் கடைசிவரை நிச்சயமில்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

திருச்சியில் அம்மை குத்தின காகிதம் கேட்டார்கள், காட்டினார். மூட்டையை அவிழ்த்துச் சொம்பையும் வளையலையும் பார்த்தார்கள். மடியை யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து நாமக்கல்லுக்கு ஒரு பஸ், சேந்தமங்கலத்துக்கு ஒரு பஸ், காரவள்ளிக்கு ஒரு பஸ். ஒவ்வொரு கண்டக்டரும் மடிக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை பெரியவரே என்று சொல்லிவிட்டுப் போனான். வழியில் ஒரு அம்மாள், வெயில் முகத்தில் அடிக்கிறதே என்று தன் முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்தாளாம். இதைச் சொல்லும்போதுதான் அவர் என் முன்னால் முதல் தடவையாக அழுதார்.

இனி நான் கண்ணால் பார்த்தது. வியாழக்கிழமை வருகிறார் என்று மாதேஸ்வரன் அடித்த தந்தி என் கடைக்கு வந்திருந்தது. மலைக்குச் சொல்லியனுப்பினேன். மாதம்மாளால் வீட்டில் காத்திருக்க முடியவில்லை. மலையேறி வருகிற நேரம்கூடப் பிள்ளை பசியோடு இருக்க வேண்டாம் என்று, முத்தனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே இறங்கி வந்துவிட்டாள். வருகிற பிள்ளைக்கு வேண்டுமென்று தன் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் கொடுத்து, மறுபக்கத்தை வைத்திருந்தாள். மத்தியானத்துக்குமேல் அது கட்டிக்கொண்டு, சேலை நனைந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பீய்ச்சிவிட்டுவிடு கண்ணு, பிறகு ஊறும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

வெயில் சாயும்போது பஸ் வந்தது. சின்னான் படியில் இறங்கினார். மூட்டையை முத்தன் வாங்கினான். மாதம்மாள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள்.

"குடுங்க மாமா. பசிச்சுக் கெடக்கும்."

அவர் கொடுக்கவில்லை. நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளையை இறுக்கியிருந்த கை விறைத்துப்போய் விரிய மறுத்தது; நானும் முத்தனும்தான் விரல்களைப் பிரித்தோம். மாதம்மாள் வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போய்ச் சேலையை விலக்கினாள். அவள் கத்துவாள் என்று நின்றேன். எட்டிப் பார்த்தபோது அவள் சுவரோரம் உட்கார்ந்து பிள்ளையை மாரில் சேர்த்து வைத்திருந்தாள். பால் அதன் கடைவாயில் வழிந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்தாள். முத்தன் தன் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுதான்.

எனக்கு அப்போது நாவலப்பிட்டியும் தெரியாது, எதிர்ரயிலும் தெரியாது. அவராகத்தான் எழுந்து போய் மாதம்மாள் எதிரில் குந்தினார். சொல்ல ஆரம்பித்தார். ரயில், வரிசை, தராசு, ப்ளேன், எல்லாவற்றையும் சொன்னார். மடியில் வைத்தே கொண்டுவந்ததாகவும், ஒரு இடத்தில்கூடக் கீழே இறக்கவில்லை என்றும் சொன்னார். மாதம்மாள் தலை நிமிராமல், நீங்க என்ன பண்ணுவீங்க மாமா என்றாள்.

அவர் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"செத்தப்பறம் மடின்னு நெனச்சேன் கண்ணு. உசுரோட இருந்தப்ப சுமைன்னு நெனச்சுப்புட்டேன். நாவலப்பிட்டிலயே மடின்னு நெனச்சிருந்தா, திருப்பியிருப்பேன்."